தொட்டில் மரணம்: அம்மம்மாவின் சொல்லும் தாதியின் சொல்லும்

2022 மே மாதத்தில், திடீர் சிசு மரணத்தின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வாட்ஸ்அப் வழியாக எங்கள் குடும்பங்களுக்குள்ளும் வந்து சேர்ந்தது. சிட்னியின் வெஸ்ட்மீட் சிறுவர் மருத்துவமனையில் நடந்த ஆய்வு அது. தன் மகனை இதே விதமாக இழந்த கார்மெல் ஹாரிங்டன் அதற்குத் தலைமை தாங்கினார். இவ்வாறு இறந்த 26 குழந்தைகளிடம் பிறந்தவுடன் எடுக்கப்பட்ட இரத்தத்தில் ஒரு நொதியம் குறைவாக இருந்ததாக ஆய்வு காட்டியது. மதிப்பான தடயம்தான். ஆனால் 26 என்பது சிறிய எண்ணிக்கை. உயிரோடு இருக்கும் குழந்தைகளின் அளவுகளும் இறந்தவர்களின் அளவுகளும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் அதிலிருந்து கிடைத்துவிடவில்லை.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறக்கத்தில் இறந்து, பிரேத பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு ஆகிய மூன்றையும் பார்த்த பின்னரும் காரணம் புலப்படாவிட்டால்தான் வைத்தியர்கள் இந்தப் பெயரை எழுதுகிறார்கள். பெரும்பாலான மரணங்கள் ஆறு மாதத்துக்குள், அதிலும் இரண்டு முதல் நான்கு மாத வயதில் நிகழ்கின்றன. மூன்று விடயங்கள் ஒரே நேரத்தில் சந்திக்கும்போது இது நேர்கிறது என்பதே 1994 முதல் பலரும் ஏற்கும் விளக்கம். குழந்தைக்குள் மறைந்திருக்கும் ஒரு பலவீனம், வளர்ச்சியின் நெருக்கடியான பருவம், வெளியிலிருந்து வரும் ஓர் அழுத்தம். மூச்சுத் தடைப்படும்போது விழித்துத் தலையைத் திருப்ப வைப்பது மூளைத்தண்டின் வேலை. சில குழந்தைகளில் அது பிந்துகிறது அல்லது நடப்பதே இல்லை.

முதல் இரண்டும் எங்கள் கையில் இல்லை. மூன்றாவது பெருமளவு எங்கள் கையில் இருக்கிறது. இதற்குச் சரித்திரமே சாட்சி. 1950களிலிருந்து மேற்கு நாடுகளின் வைத்தியர்கள் பலர் குழந்தையைக் குப்புறக் கிடத்தும்படி ஆலோசனை கூறினார்கள். அது ஆபத்தானது என்பதற்கான ஆதாரம் 1970 அளவிலேயே இருந்தது என்றும், அதை அப்போதே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரித்தானியாவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் 2005இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிரித்தானியாவில் 1991 இறுதியில்தான் மல்லாக்கக் கிடத்துங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. அதையொட்டிய சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1980களில் அகதிகளாக வந்து இந்த நாடுகளில் பிள்ளை பெற்றவர்கள்தான் இன்றைய அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும். குப்புறக் கிடத்தினால் பிள்ளை நல்லாய் நித்திரை கொள்ளும் என்று அவர்களில் பலருக்குச் சொல்லிக் கொடுத்ததே அன்றைய மருத்துவமனைகள்தான். ஆகவே இன்று தாதி சொல்வதற்கும் அம்மம்மா சொல்வதற்கும் இடையில் வரும் பிணக்கை, ஊர்ப் பழக்கத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலான சண்டையாகப் பார்ப்பது சரியல்ல.

ஊர்ப் பழக்கத்தில் காக்க வேண்டியது நிறைய உண்டு. பிரித்தானியாவில் தெற்காசியக் குழந்தைகளிடையே தொட்டில் மரணம் வெள்ளையினக் குழந்தைகளை விடக் குறைவு. பிராட்போர்ட் நகரின் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, பெற்றோர் புகைப்பதும் மது அருந்துவதும் குழந்தையோடு சோபாவில் உறங்குவதும் குறைவாக இருந்தன. குழந்தையைத் தனியறையில் விடுவதும் அரிதாக இருந்தது. தாய்ப்பால், தாயின் அருகாமை, புகையில்லாத வீடு ஆகியவை எங்களுக்கும் பழக்கமான காவல்கள்தான்.

ஆனால் புலம்பெயர்ந்த வீட்டில் அந்தக் காவல்கள் தளர்ந்திருக்கின்றன. ஊரில் தாயும் பிள்ளையும் படுத்தது பாயில். இங்கே மெத்தையும் தலையணையும் தடித்த போர்வையும். ஊரில் காற்று உலாவியது. இங்கே ஹீட்டரும் கம்பளித் தொப்பியும். இரவு வேலை முடித்து வரும் தகப்பன் பிள்ளையை நெஞ்சில் போட்டபடி சோபாவில் கண்ணயர்கிறார். சோபாவில் அப்படி உறங்குவது ஆபத்தை 50 மடங்கு வரை கூட்டும். ஏணையும் அழகுதான், ஆனால் வளைந்து கிடக்கும்போது தாடை நெஞ்சில் அமர்ந்து மூச்சுக்குழாய் நெரியலாம். பிள்ளை விழித்திருக்கையில் ஆட்டலாம். நித்திரைக்குத் தட்டையான, இறுக்கமான மெத்தை வேண்டும்.

இன்னொரு வதந்தியையும் தெளிவுபடுத்த வேண்டும். முதல் தடுப்பூசிகள் போடப்படுவது இந்த மரணங்கள் உச்சம் பெறும் அதே மாதங்களில். அதனால் பழி ஊசி மேல் விழுகிறது. ஆய்வுகள் காட்டுவது மறுபக்கத்தை: தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடையே இந்த மரணம் குறைவு.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த வீட்டிலும் இது நிகழலாம். அப்போது பொலிஸார் வீட்டுக்கு வருவார்கள். சீருடையைக் கண்டு ஓடிவந்த எங்கள் சமூகத்துக்கு அது இரட்டைத் துயரம். ஆனால் அந்த விசாரணை பல நாடுகளில் வழமையான நடைமுறை. அது குற்றச்சாட்டு அல்ல. மொழி இடறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். காரணம் தெரியாத இடத்தில் தாயின் மேல் பழி போடுவது எவ்வளவு எளிது என்பதை சாலி கிளார்க் வழக்கு காட்டியது. இரு குழந்தைகளை இழந்த அந்த ஆங்கிலேயச் சட்டத்தரணி 1999இல் கொலைகாரியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். இரு மரணங்களும் தற்செயலாக நிகழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்ற பிழையான கணக்கும் அந்த வழக்கில் முன்வைக்கப்பட்டது. 2003இல் விடுதலையானார். 2007இல் இறந்துபோனார்.

நீதிமன்றம் செய்த அந்தத் தவறை எங்கள் உறவினர் கூட்டம் செத்தவீட்டிலேயே செய்துவிடக் கூடாது. என்ன செய்தனீ என்ற கேள்வி அந்தத் தாயின் காதில் விழாமல் பார்ப்பது சுற்றத்தின் கடமை. அறிவுரைக்கான நேரம் அதுவல்ல. அதைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே, அம்மம்மாவையும் தகப்பனையும் தாதிக்குப் பக்கத்தில் இருத்திப் பேசிவிட வேண்டும்.