பெட்டி கொளுவும் பின்னில் சிக்கனம் வேண்டாம்



பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு வட்டையிலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து மில்லுக்கும் இரவு பகலாக மெசின் பெட்டிகள் ஓடப்போகின்றன. நல்ல விடயம். நம் ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவதே அந்தப் பெட்டிகளால்தான். ஆனால் ஒரு விடயத்தை இப்போதே பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு ஜனாஸா விழுந்த பிறகு கூடிப் பேசுவதை விட இது நல்லது.

மெசினையும் பெட்டியையும் இணைக்கும் கொளுக்கியைப் பற்றியும், அதில் போடுகிற பின்னைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

நம்மவர்கள் மெசின் வாங்கும்போது எத்தனை குதிரைவலு, எந்தக் கம்பெனி, டயர் எப்படி என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். பெட்டி அடிக்கும்போது பலகையா தகடா, எத்தனை மூடை பிடிக்கும் என்று கணக்குப் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த ஒரு சாண் இரும்பை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. வெல்டிங் கடையில் கிடந்த துண்டுக் கம்பி, எதிலிருந்தோ கழற்றிய பழைய போல்ட், எது துளைக்குள் போகிறதோ அதுதான் பின்.

போன சிறுபோக அறுவடையில் ஒருநாள், பாடசாலை விட ஐந்து நிமிடம் இருந்தது. நெல் ஏற்றி வந்த பெட்டியொன்று வேகத்தடையில் குலுங்கியதும் மெசினிலிருந்து கழன்றது. மெசின் முன்னே போய்விட்டது. பெட்டி தன்பாட்டில் ஓரமாக ஓடி வடிகானுக்குள் இறங்கி நின்றது. நம் சின்னப் பிள்ளைகள் வாப்பாமாரின் மோட்டார் சைக்கிளுக்காகக் காத்து நிற்கிற இடம் அது. மணி அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆசிரியர்கள் சிலர் ஓடிப்போய்ப் பார்த்தோம். ரோட்டில் கிடந்த பின்னைக் கையில் எடுத்தோம். வீட்டுக்குக் கொங்கிரீட் போடுகிற 12 மில்லிமீற்றர் கம்பி. மேல் முனையை வளைத்திருந்தார்கள். கீழே கிளிப் போட ஒரு துளைகூட இல்லை. ஓட்டி வந்த தம்பி நம்மிடம் படித்தவர். முகம் வெளிறிப்போய், "சேர், முதலாளி தந்ததைத்தான் போட்டேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நடைக்குக் கூலி வாங்குகிற பிள்ளை, பின் மாற்றித் தந்தால்தான் ஓடுவேன் என்று சொன்னால் அடுத்த நாள் வேறொருவர் ஓட்டுவார். விபத்து நடந்தால் பொலிஸ் பிடிப்பதும், ஊர் ஏசுவதும் அந்தப் பிள்ளையைத்தான். பெட்டியின் சொந்தக்காரரை யாரும் கேட்பதில்லை. இதை நாம் மாற்ற வேண்டும். கொளுக்கிக்குப் பொறுப்பு, முதலில் மெசினும் பெட்டியும் யாருடையதோ அவர்தான்.

"நம்ம வாப்பாமார் காலத்திலிருந்து இப்படித்தானே ஓடுது, என்ன நடந்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் ரோட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிறவல் ரோட்டில் குழி பார்த்துப் பார்த்துத்தான் ஓட முடியும். மூடையும் குறைவு. இன்று கார்ப்பட் ரோட். வேகம் இரட்டிப்பானால் ஓடுகிற பாரத்தின் சக்தி நான்கு மடங்காகும். 60 மூடை, மூடைக்கு 60 கிலோ என்று வைத்தாலே 3,600 கிலோ. அந்த மூன்றரைத் தொன்னை நிறுத்தப் பெரும்பாலான பெட்டிகளில் தனி பிரேக் இல்லை. மெசின் பிரேக் பிடிக்கும்போது அத்தனையும் வந்து இடிப்பது அந்தப் பின்னில்தான்.

சரியான பின் எப்படி இருக்க வேண்டும்? நம் பிள்ளைகள் படிக்கிற வட்டத்தின் பரப்பளவுக் கணக்கு இங்கே உதவும். பின்னை வெட்டப் பார்க்கிற விசையை அது எவ்வளவு தாங்கும் என்பது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே தர இரும்பு என்றால், 25 மில்லிமீற்றர் பின் 12 மில்லிமீற்றர் கம்பியை விட நான்கு மடங்குக்கு மேல் தாங்கும். மொத்தம் இரட்டிப்பு, பலம் நான்கு மடங்கு.

அதோடு பின் துளைக்கு அளவாக இருக்க வேண்டும். பெரிய துளையில் மெல்லிய கம்பி போட்டால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும், எடுக்கும்போதும் பெட்டியின் வளையம் முன்னும் பின்னும் ஓடி, கம்பியைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும். துளையும் முட்டை வடிவாகத் தேயும். அப்படித் தேய்ந்த துளைக்குப் புதுப் பின் வாங்கிப் போட்டும் பயனில்லை. தகட்டை மாற்றத்தான் வேண்டும்.

பழைய போல்ட்டில் மரை ஓடியிருக்கிற பகுதி பாரம் தாங்கும் இடத்தில் வந்தால், அந்த மரையின் பள்ளத்திலிருந்துதான் வெடிப்பு தொடங்கும். கடையில் வாங்கிய நல்ல பின்னுக்குப் பிடி வைக்கிறோம் என்று வெல்டிங் அடிப்பதும் வேண்டாம். பலப்படுத்திய உருக்கு சூடு பட்டால் பலம் குறையும்.

வளையத்துக்கு மேலேயும் கீழேயும் தகடு இருக்கிற கொளுக்கியே நல்லது. அதில் பின் இரண்டு இடத்தில் பாரத்தைப் பகிரும். ஒரு தகடு மட்டும் இருந்தால் ஒரே இடத்தில் தாங்கும், அதுவும் சாய்ந்து வளைந்துகொண்டே.

கிளிப் இல்லாத பின் எவ்வளவு மொத்தமாக இருந்தாலும் ஒரு குலுக்கலில் மேலே எகிறும். அன்று நம் பாடசாலைக்கு முன்னால் நடந்தது அதுதான். கம்பி முறியவில்லை, கழன்றது. கட்டுக்கம்பியும் கயிறும் கிளிப் ஆகாது.

அடுத்தது சங்கிலி. பின் கழன்றாலும் பெட்டி மெசினை விட்டுப் போகாமல் பிடிப்பதற்கு. இரண்டு சங்கிலியைப் பெட்டியின் மூக்குக்குக் கீழால் குறுக்காக மாட்டினால், கழன்ற மூக்கு நிலத்தில் குத்தாமல் அந்தச் சங்கிலியில் தங்கும். வளைவில் திரும்புகிற அளவுக்குத் தளர்வு இருந்தால் போதும். நிலத்தில் இழுபடக் கூடாது. நம் ஊரில் சங்கிலி போட்ட பெட்டி எத்தனை என்று இன்று மாலை சந்தியில் நின்று எண்ணிப் பாருங்கள்.

கொளுவுகிற இடமும் முக்கியம். பெரிய மெசினில் பின்னால் தாழ்வாக நீட்டியிருக்கிற இழுவைச் சட்டத்தில்தான் பெட்டியைக் கொளுவ வேண்டும். சேற்றில் புதைந்த பெட்டியை எடுக்கும் அவசரத்தில் சிலர் மேலே, கலப்பை பூட்டுகிற இடத்தில் சங்கிலியைக் கட்டி இழுக்கிறார்கள். பின்சில்லின் அச்சுக்கு மேலே பாரம் பிடித்தால் முன்சில் எழும்பி, மெசின் அப்படியே பின்னால் ஓட்டுபவர் மேல் கவிழும். குதிக்க நேரம் கிடைக்காது.

லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் நெருக்கம். அவர் உட்கார்ந்திருப்பது பெட்டியில், கையில் பிடித்திருப்பது மெசினின் கைபிடி. பின் போனால் இரண்டும் பிரியும், நடுவில் அவர்.

கெப் வாகனத்தில் படகு ட்ரெய்லர் இழுக்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கொளுக்கி உருண்டை வடிவம். உருண்டைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் சுமார் 48 மில்லிமீற்றரும் இருக்கிறது, 50 மில்லிமீற்றரும் இருக்கிறது. 50க்குச் செய்த மூடியை 48 உருண்டையில் போட்டாலும் பூட்டிக்கொள்ளும். முதல் குழியில் கழன்றுவிடும். இரண்டிலும் பொறித்திருக்கிற அளவைப் பார்த்து ஒன்றாக இருந்தால் மட்டும் மாட்டுங்கள். பூட்டிய பிறகு ட்ரெய்லரின் மூக்கை ஜக் வைத்து உயர்த்திப் பாருங்கள். வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொளுக்கியின் மேல் நிற்கிற மாதிரிப் படகை வையுங்கள். பாரம் பின்னுக்குப் போனால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வாகனம், உருண்டை, மூடி, ட்ரெய்லர் நான்கிலும் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் அளவு.

இன்னொன்று, பிள்ளைகள். மெசினுக்கும் பெட்டிக்கும் நடுவில், அந்தக் கொளுக்கிச் சட்டத்தின் மேலேயே பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து போவதைத் தினமும் பார்க்கிறோம். பெட்டியில் ஆள் ஏற்றுவதே ஆபத்து. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிய பெட்டி வெள்ளத்தில் அடிபட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. அங்கே கொளுக்கியைக் குற்றம் சொல்ல முடியாது, அது வெள்ளம். ஆனாலும் நெல் ஏற்றச் செய்த பெட்டியில் பிள்ளைகளை ஏற்றினால், ஒன்று நடக்கும்போது அவர்களைக் காக்க அதில் எதுவுமே இல்லை என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது.

சரி, என்ன செய்யலாம்? நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை.

விவசாய அமைப்புகள் போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர், விதைப்புத் திகதி பேசுவது போல, பெட்டியின் பின், கிளிப், சங்கிலி, பின்பக்க லைட் பற்றியும் ஒரு தீர்மானம் எடுக்கலாம். மில் முதலாளிமார் கிளிப் இல்லாமல் வருகிற பெட்டியை ஒருமுறை திருப்பி அனுப்பினால் போதும், அடுத்த நடையில் கிளிப் வந்துவிடும். பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு முற்றத்தில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தச் சொன்னால், நம் ஊர் கராஜ் காக்காமார் ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளை அந்தச் சட்டத்தில் ஏற விடாமல் தடுப்பது பாடசாலையில் எங்கள் வேலை. அதை நாங்கள் செய்வோம். வீட்டில் நீங்களும் சொல்லுங்கள்.

பின்னும் கிளிப்பும் ஒரு மூடை நெல்லின் விலைக்குள் முடிகிற செலவு. ரோட்டில் நமக்குப் பக்கத்தால் சைக்கிளில் போகிற ஒவ்வொரு பிள்ளையும் நம்மிடம் இருக்கிற அமானிதம். மெசின் வைத்திருக்கிற சகோதரர்கள் நாளைக்காலை முதல் நடைக்கு முன்னால் ஒருமுறை குனிந்து பாருங்கள். கிளிப் இல்லையென்றால் அதை வாங்கிப் போட்டுவிட்டு வட்டைக்குப் போங்கள்.

மெசின் இல்லாதவர்கள், மெசின் வைத்திருக்கிற மச்சான்மாருக்கும் மாமாமாருக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.