‘வயசாச்சு’ என்னும் வைத்தியம்

நாடி பார்க்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல், நம் நாட்டில் எவரும் எவருக்கும் சொல்லிவிடக் கூடிய நோய் ஒன்று உண்டு. ‘வயசாச்சு’ என்பது அதன் பெயர். அந்த ஒரு சொல்லோடு சண்டை போடவே இதை எழுதுகிறேன். சண்டைக்குக் காரணம் ஒரு கிழட்டுப் பூனை. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம், நான் காத்திருக்கிறேன்.

அஞ்செட்டியில் நான் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வளர்த்த பூனை அது. வயது 14. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர் ஆகையால் பூனை என்பார்கள், பெக்கு என்பார்கள், பில்லி என்பார்கள்; அது எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு நாள் காலை, தினமும் தாண்டும் வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கண்மணிகள் இரண்டும் நல்ல வெயிலிலும் சுருங்காமல் அகல விரிந்திருந்தன.

தெரு கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது: வயசாச்சு. ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார். இன்னொரு புண்ணியவான் மனிதர்களுக்கான சொட்டு மருந்தையே வாங்கி வந்தார். புட்டியைத் திருப்பிப் பார்த்தேன், ஸ்டீராய்டு! கண்ணில் புண் இருந்து அதன்மேல் இதை விட்டால், புண் ஆழமாகி விழியே ஓட்டையாகிவிடக் கூடும்.

“எனக்கும் அப்படித்தானே சாமி கண்ணு மங்குது? கெழத்துக்கு என்ன வைத்தியம்?” என்றாள் பாட்டி.

என்னைச் சுட்டது இந்த வார்த்தைதான். பூனைக்குச் சொன்ன தீர்ப்பை அவள் தனக்கும் சேர்த்தே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அன்றே பாட்டியும் நானும் பூனையைக் கூடையில் வைத்துத் தேன்கனிக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு கால்நடை மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு, முன்னங்காலில் சிறு பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார்! 180-ஐ எட்டினாலே கண்ணுக்கும் மூளைக்கும் பேராபத்தாம், இதற்கு 230. வயதான பூனைக்குச் சிறுநீரகம் பழுதானாலோ தைராய்டு அதிகமாகச் சுரந்தாலோ அழுத்தம் ஏறும். ஏறினால் கண்ணின் பின்புறமுள்ள விழித்திரை பிரிந்துவிடும். ஒரே இரவில் குருடாகலாம். ஆனால் சில நாட்களுக்குள் அழுத்தத்தை இறக்கினால் திரை மறுபடி ஒட்டி, ஓரளவு பார்வை திரும்புவதும் உண்டு.

மருந்து என்ன தெரியுமா? அம்லோடிபின். பாட்டி தினம் விழுங்குகிற அதே மாத்திரை! வீடு தேடி வந்து அழுத்த மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதே இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பூனைக்கு அதில் ஒரு துணுக்குப் போதும். ஆனால் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். நம் டப்பாவிலிருந்து நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

‘மனிதனுக்கே வழியில்லை, பூனைக்கு என்ன?’ என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-இலேயே பட்டாளத்துக் குதிரைகளுக்காகப் பண்ணை வைத்தார்கள். பிறகு அது மாட்டுப் பண்ணையாயிற்று. பயன் தருகிற பிராணியைப் பேண நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டாம். பயன் தீர்ந்த பிறகுதான் ‘வயசாச்சு’ வருகிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. பிராணியை வைத்திருப்பவன் அதன் நலனைக் காக்கக் கடமைப்பட்டவன் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. பால் கறக்கும் வரையில்தான் என்று அதில் எழுதியிருக்கவில்லை. பிராணியிடம் பழகுகிற இந்தக் கணக்கு, ஒரு நாள் திண்ணையில் கிடக்கும் கிழவியிடமும் வந்து நிற்கும். வயது ஒரு நோயல்ல ஐயா. நோயைத் தேடிப் பார்க்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த சாக்கு.

பூனைக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. மற்றது போனது போனதுதான். இரண்டு நாள் முன்னால் விழித்துக்கொண்டிருந்தால் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. அது வாசற்படியைத் தாண்டிய அன்று பாட்டி என்னிடம் மெல்லக் கேட்டாள்:

“சாமி, அடுத்த வாட்டி ஓசூர் போறப்ப, என் கண்ணையும் காட்டலாமா?”