கலைக்களஞ்சியமும் பிழைதிருத்தமும்

பழைய தமிழ் அச்சு நூல்களின் இறுதியில் 'பிழைதிருத்தம்' என்றொரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகளாய் அமைந்த அப்பக்கத்தை இக்காலத்து மாணவர் புரட்டியும் பாரார். நூலுக்கு ஒருவர் பொறுப்பாய் நின்ற காலத்து வழக்கம் அது. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசத்திலோ (1902), ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியிலோ (1910) பிழை கண்டவர், யாருக்கு எழுதுவதென்று திகைக்க வேண்டியதில்லை. இன்று மாணவர் கையிலுள்ள கலைக்களஞ்சியமோ விக்கிப்பீடியா. அதனை எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆயின், எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரே வந்து, "என்னைப் பற்றிய செய்தி பிழை" என்றால் செய்வது யாது?

சட்டத்தரணிகள் நிறுவனமொன்றை எடுத்துக்கொள்வோம். அதனைப் பற்றிய கட்டுரையில் தொடங்கிய ஆண்டு தவறாக இருக்கிறது. விலகிப்போன பங்காளி ஒருவரின் பெயர் இன்னும் நிற்கிறது. பழைய வழக்கொன்று ஒருதலையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் எழுதுவினைஞரே கணினியைத் திறந்து கால்மணி நேரத்தில் அனைத்தையும் மாற்றிவிடலாம். அங்ஙனம் செய்தல் தகாது என்பது அக்கலைக்களஞ்சியத்தாரின் நெறி. உரிமையுடையோர் முதலில் தம் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். பின்னர்க் கட்டுரையைத் தொடாமல் அதன் உரையாடற் பக்கத்தில், இன்ன வரி பிழை, இவ்வாறு இருத்தல் வேண்டும், இதற்கு அச்சான சான்று இது என்று வேண்டுகோள் வைத்தல் வேண்டும். தொடர்பில்லாத வேறொருவர் அதனை நிறுத்துப் பார்த்து ஏற்பார், அல்லது மறுப்பார். கூலி பெற்று எழுதுவோர் அதனை வெளியிட்டே ஆகவேண்டுமென 2014ஆம் ஆண்டில் விக்கிமீடியா நிறுவனம் தன் விதிகளில் சேர்த்தது. பணம் வாங்கிக்கொண்டு பொய்ப் பெயர்களில் பிறருக்காகக் கட்டுரை எழுதிய கூட்டமொன்று முந்திய ஆண்டில் அகப்பட்டிருந்தது. 2015இல் இத்தகைய வேலைக்கென வைத்திருந்த 381 கணக்குகள் ஒருசேர முடக்கப்பட்டன.

இந்நெறியைக் கண்டு சட்டத்தரணிகள் மனம் நோகலாகாது. தன் வழக்கில் தானே நீதிபதியாதல் கூடாது என்பது அவர்கள் தொழிலின் அரிச்சுவடியன்றோ! தமிழ் கற்றோர்க்கும் இது புதிதன்று. இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டு, ஒவ்வொருவரும் தத்தம் உரையே நன்றென்றபோது, அவர்கள் தேடியது ஒரு காரணிகனை. இறுதியில் உருத்திரசன்மன் என்னும் மூங்கைப் பிள்ளை எல்லா உரைகளையும் கேட்டிருந்து, நக்கீரர் உரைக்குக் கண்ணீர் வார்த்து மெய்யுரை காட்டிற்றென அந்நூலின் உரைப்பாயிரம் கூறும். அது வரலாறா கதையா என்பதை ஆராய்ச்சியாளர் தீர்க்கட்டும். நக்கீரரும் தம் உரைக்குத் தாம் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதே நமக்கு வேண்டுவது.

அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ரோத்துக்கு இந்நெறி கசந்தது. 'தி ஹியூமன் ஸ்டெயின்' என்னும் அவருடைய நாவல் இன்னார் வாழ்க்கையைத் தழுவியது என விக்கிப்பீடியாவில் இருந்தது. அது தவறு, அதனை நீக்குக என்று தம் சார்பில் ஒருவர் வாயிலாக அவர் கேட்டார். ஆசிரியர் சொல் பெரிதாயினும் வேறு சான்றும் வேண்டும் என்று விடை வந்தது. 2012 செப்டெம்பரில் அவர் 'நியூ யோர்க்கர்' இதழில் நீண்டதொரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அக்கடிதம் அச்சேறிய பின் அதுவே சான்றாயிற்று. பலர் இதனை நகைப்புக்குரியதென்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வாய்ச்சொல்லை நாளை எவரும் சரிபார்க்க இயலாது. அச்சில் வந்ததை இயலும்.

எனினும் அவருக்கு 'நியூ யோர்க்கர்' இருந்தது. சட்டத்தரணிகளுக்குக் கோப்புகளும் வர்த்தமானியும் சட்ட அறிக்கைத் தொகுதிகளும் இருக்கின்றன. பதுளையிலிருந்து பார்ப்பவனுக்கு இவ்விடத்தில்தான் நெஞ்சு உறுத்துகிறது. என் மாணவி ஒருத்தி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவள். தன் தோட்டப் பாடசாலை தொடங்கிய ஆண்டு பிழையாக இருக்கக் கண்டு அதனைத் திருத்தினாள். மறுநாள் பழைய ஆண்டே திரும்பி வந்துவிட்டது. 'சான்றில்லை' என்று ஒரு குறிப்பு. "பாட்டி அந்த ஆண்டுக்கு முன்னமே அங்கே படிச்சவங்க ஐயா, இதுக்கு மேல என்ன சான்று?" என்று கேட்டாள். நீக்கியவரை நான் குறைகூறேன். அவர் பாட்டியை அறியார். அவளிடம் சொல்வதற்கு நல்ல விடையொன்றும் என்னிடம் இருக்கவில்லை.

தாளில்லாமையால் மலையக மக்கள் இழந்தது சிறிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், 1949இல் இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம் வந்தது. இத்தனை ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டுக என்றது அது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயரில் விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்ததோ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினருக்கே. தோட்டத்தை விட்டு ஒருநாளும் அகலாதவர்க்கும் அதனைக் காட்டத் தாளில்லை. மறுத்தோரின் எண்ணம் வேறு, கலைக்களஞ்சியத்தாரின் எண்ணம் வேறு. ஒரு வரியை இழப்பது நாட்டை இழப்பதாகாது என்பதையும் அறிவேன். ஆயினும் இரண்டிடத்தும் கேட்கப்பட்டது ஒன்றே, இல்லாதிருந்ததும் ஒன்றே.

அச்சில் வந்ததெல்லாம் மெய்யுமன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. முதல்நாட் செய்திகள் நூற்றுக்கணக்கானோர் மாண்டிருக்கலாமென்றன. பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. முதல்நாட் பத்திரிகையை மாத்திரம் சான்றாகக் கொண்டு ஒருவர் கட்டுரை எழுதினால், நெறிப்படி அதில் குற்றமில்லை. எந்தக் காம்பராவில் எவர் இருந்தார் என்று தெரிந்த அயலவர்களோ, அச்சில் இல்லாதவர்கள்.

இதற்காக நெறியைத் தளர்த்துக என்று நான் கேளேன். தளர்த்தினால் முதலில் நுழைவோர் கூலிக்கு எழுதுவோரே. நம் பக்கத்தில் செய்யத்தக்க வேலை இருக்கிறது. பாடசாலையின் சம்பவத் திரட்டு, கோயிற் கணக்கு, பழைய செக்றோல், துண்டு ஆகியவை எங்கெங்கு எஞ்சியுள்ளனவோ அங்கெல்லாம் ஆசிரியர்கள் போய்ப் பார்த்தல் வேண்டும். முதியோர் சொல்வதைப் பெயரும் நாளும் இடமும் குறித்து எழுதி அச்சிடுதல் வேண்டும். அச்சிட்டதில் ஒரு படியை 'நூலகம்' எண்ணிம நூலகத்தாருக்கு அனுப்புதல் வேண்டும். அதன்பின் உரையாடற் பக்கத்துக்குச் சென்று, "நான் இப்பாடசாலையின் ஆசிரியன்" என்று முதலிலேயே சொல்லித் திருத்தம் கேட்கலாம். தன்னைத் தானே புகழும் செய்திக்கு நம் மலர் சான்றாகாது. தொடங்கிய ஆண்டு போன்ற எளிய செய்திக்குப் பெரும்பாலும் ஆகும்.

மலர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பாடசாலைகளின் ஆண்டுவிழா மலர்களில் ஆசிச்செய்திகளே பதினைந்து பக்கம் வருகின்றன. பாடசாலையின் வரலாற்றுக்கு அரைப் பக்கம், அதுவும் ஆண்டு இல்லாமல். அடுத்த மலரை அச்சகத்துக்குக் கொடுக்குமுன், அதிபர்மார் மூன்று ஆசிகளையேனும் குறைத்து, சம்பவத் திரட்டின் முதற் பக்கத்தைப் படமெடுத்து அவ்விடத்தில் சேர்ப்பார்களாக.