கூட்டின்மேல் குனியும் கேமரா



நம் வாலிபர்களில் கேமரா வைத்திருக்கும் சிலர் குழுவாய்ச் சேர்ந்து, வருகிற சனிக்கிழமை கோடியக்கரைக்குப் பறவைகளைப் படம்பிடிக்கச் செல்கிறார்கள் என்பதை அறிவீர்கள். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கடலோரமாகவே போகும் வழி. ஒரு நாளை வீணாக்கிக் கொக்குப் பார்க்கப் போகவேண்டுமா என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். போகட்டும் என்பதே என் கருத்து. பறவைகளைப் பார்க்கும்படி மலைப்பிரசங்கத்தில் சொன்னவர் நம் ஆண்டவர். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் போகிறபோக்கில் பார்ப்பதை அன்று, ஊன்றி நோக்குவதையே குறிக்கிறது. நமக்கு வடக்கே தரங்கம்பாடிக்கு 1771-இல் வந்து, 1813-இல் அங்கேயே மரித்த மிஷனெரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், ஊழியத்தோடு சங்குகளையும் மீன்களையும் பாம்புகளையும் ஆராய்ந்தவர். மண்ணுளிப் பாம்பின் அறிவியற் பெயரில் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. பாம்புக்குப் போதகர் பெயரா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரை, வேதாரண்யம் சதுப்பு நிலத்தோடு சேர்ந்து 2002-இல் ராம்சார் ஈரநிலமாயிற்று; ஏறத்தாழ 38,500 ஹெக்டேர். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் அச்சேற்றில் பூநாரைகள் தலைகீழாய் அலகை அமிழ்த்தி நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு அந்த உணவிலிருந்து வருவதே. ஆனால் நம் பிள்ளைகள் பூநாரையோடு நின்றுவிடாமல், சேற்றில் ஓடித் திரியும் கொசு உள்ளானையும் தேடிப் பார்க்க வேண்டும். 25 கிராம் அளவே எடையுள்ள அந்தச் சிறு பறவை, வடதுருவத்தை ஒட்டிய சைபீரிய நிலத்தில் பிறந்து, நம் கடற்கரைவரை பறந்து வருகிறது. இங்கே தின்று சேர்க்கும் கொழுப்பே அதற்குத் திரும்பும் வழியின் கட்டுச்சோறு.

என் கவலை இதிலிருந்துதான் தொடங்குகிறது. மேய்கின்ற பறவையைவிடப் பறக்கின்ற பறவையின் படம் அழகு என்று கருதி, கூட்டத்தை நோக்கி ஓடுகிறவர்களும் கைதட்டி எழுப்புகிறவர்களும் உண்டு. பூநாரை இருந்த இடத்திலிருந்து எழும்பிவிடாது. நீரின்மேல் நெடுந்தூரம் ஓடியே எழும்பும். ஒருவர் எழுப்பிவிட்டுப் போனபின் அடுத்தவர் வருகிறார், அவருக்கும் ஒரு படம் வேண்டும். கட்டுச்சோற்றை இப்படிச் சிறிதுசிறிதாகப் பறித்துக்கொள்கிறோம் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

கூடுகளின் காரியம் இதனிலும் கொடியது. உப்பளக் கரைகளில் வெறுந்தரையில் முட்டையிடும் உப்புக்கொத்தி, ஆள் நெருங்கினால் சிறகு முறிந்ததுபோல் நடித்துத் தத்தித்தத்தி விலகி ஓடும். தன்னைப் பிடிக்க வருகிறவன் தன் பின்னே வரட்டும், முட்டைகளை விட்டுவிடட்டும் என்பதே அதன் உபாயம். அந்தத் தவிப்பை அருகிலிருந்து எடுத்த படத்துக்குக் கிடைக்கும் பாராட்டுகளைக் கண்டு நான் வருந்தியதுண்டு. தாய் விலகி நிற்கும் நேரத்தில் வெயில் முட்டையைச் சுடுகிறது. காகம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் 6, 7 வசனங்களை வீட்டில் எடுத்து வாசியுங்கள். வழியிலே குருவிக்கூடு தென்பட்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது என்று அங்கே கட்டளை இருக்கிறது. வியப்பென்னவெனில், பெற்றோரைக் கனம்பண்ணுவதற்கு வாக்களிக்கப்பட்ட நன்மையும் நீடித்த நாட்களும் இதற்கும் வாக்களிக்கப்பட்டுள்ளன. கட்டளைகளில் மிக இலகுவானதற்கும் மிகக் கனமானதற்கும் ஒரே பலன் என்று யூத ரபீமார் இதைக் குறித்துப் பேசினார்கள். அக்கட்டளை பசியுள்ளவனிடம் சொல்லப்பட்டது. உணவுக்காகக் கைநீட்டுகிறவனுக்கே எல்லை வகுத்த தேவன், படத்துக்காகக் கைநீட்டுகிறவனுக்கு அதைத் தளர்த்துவார் என்று நான் நம்பவில்லை. நம் டெல்டாவில் உள்ளானுக்குக் கண்ணி வைத்தவர்களை நாம் எளிதாகக் குறைகூறுகிறோம். நான் அதை ஆதரிக்கவில்லை, ஆனால் அவர்களிற் பலரைத் துரத்தியது வறுமை. நம்மைத் துரத்துவது எது?

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாயிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும்போது, பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதையும் அதனுள் சேர்க்கிறது. துப்பாக்கி தேவையில்லை.

படங்களைக் கண்டுதானே மக்கள் ஈரநிலங்களை நேசிக்கிறார்கள் என்று ஒரு தம்பி வாதாடினார். அது மெய். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. கால்வளையத்தின் எண் தெளிவாய் விழுந்த ஒரு சாதாரணப் படம், அப்பறவை எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடும். அத்தகைய படம் தூரத்திலிருந்து, பொறுமையோடு, பெரும்பாலும் அழகின்றியே எடுக்கப்படுகிறது. அதற்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை, கொடுத்தால் நலம்.

ஆகையால் மூப்பர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான சபை நாட்காட்டியில் இப்படங்கள் இடம்பெறப் போகின்றன. கூட்டில் எடுத்த படம், எழுப்பிவிட்டு எடுத்த படம் ஆகிய இரண்டும், எவ்வளவு அழகாயிருந்தாலும், தெரிவுக்கு எடுக்கப்படலாகாது. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்போம். பிள்ளைகள் உண்மை சொல்வார்கள். சில மாதங்களுக்கு வெறும் சேறும் தூரத்தில் நாலு புள்ளிகளும் தெரியும் படம் வந்தால், சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்கு வேன் ஆலய வாசலிலிருந்து புறப்படும். பளிச்சென்ற நிறமுள்ள சட்டை வேண்டாம். வீட்டில் பைனாகுலர் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்து உதவுங்கள். கேமரா இல்லாத மூன்று பிள்ளைகளும் வருகிறார்கள்.