தொலைக்கணினியில் நிரல் ஓட்டுவதும் ஆய்வுநெறியே

மொழியியல் ஆய்வு மாணவர் ஒருவர் துறைக் கணினியில் தம் நிரலை ஓடவிட்டு, விடுதி அறையில் உறங்கப் போகிறார். பல லட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு இடும் வேலை. விடியும்வரை ஓட வேண்டியது. நள்ளிரவில் விடுதியின் இணைய இணைப்பு அறுபடுகிறது. காலையில் நிரல் பாதியில் நின்றிருக்கிறது. மாணவர் கணினியைக் குறை சொல்கிறார். நெறியாளர் மாணவரைக் குறை சொல்கிறார். கணினியோ விதித்தபடி நடந்திருக்கிறது.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில், தொலைவிலிருந்து வந்த இணைப்பு அறுந்தால் அதன்கீழ் ஓடும் நிரல்களுக்கு 'ஹேங்கப்' என்னும் சைகை செல்லும். வேறு ஏற்பாடு செய்யப்படாத நிரல் அத்துடன் முடிந்துவிடும். தொலைபேசிக் கம்பிவழியே கணினியை அணுகிய காலத்தில், எதிர்முனையில் இருப்பவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்பதற்கான சைகை அது. அந்தக் கம்பி மறைந்த பின்னும் சொல்லும் வழக்கமும் எஞ்சியுள்ளன. 'நோஹப்' கட்டளையையோ 'டிமக்ஸ்' மென்பொருளையோ அறிந்தவருக்கு இந்த இழப்பு நேராது. ஆனால் அவற்றை மூத்த மாணவர் யாரேனும் சொன்னால்தான் உண்டு.

பழைய பிணையங்கள் விட்டுச்சென்ற இன்னொரு வழக்கம் இதைவிட ஆபத்தானது. 1983இல் வரையறுக்கப்பட்ட டெல்நெட் நெறிமுறை, விசைப்பலகையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் கடவுச்சொல் உட்பட அப்படியே கம்பியில் அனுப்பியது. அதே ஆண்டு வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸின் ஆர்எஸ்எச், நம்பிக்கைக்குரிய கணினிகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டது. பட்டியலில் உள்ள இடத்திலிருந்து வருபவரிடம் கடவுச்சொல் கேட்கப்படாது; வெளியூர்க் கணினியில் நிரலை ஓட்ட ஒரு வரிக் கட்டளை போதும். ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வகங்களுக்கு அது பொருந்திய முறை.

1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் ஏவிய புழு நிரல், கணினிக்குக் கணினி தாவ இந்த நம்பிக்கைப் பட்டியல்களையும் ஒரு வழியாகக் கொண்டது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த தாத்து யிலோனென் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். அதில் செல்வன யாவும் பிறர் படிக்க இயலாதபடி மறையாக்கம் பெறுகின்றன; எதிர்முனையில் இருப்பது உரிய கணினிதானா என்பதும் சோதிக்கப்படுகிறது.

கருவி மாறிய அளவுக்கு மனப்பாங்கு மாறவில்லை. ஐந்து ஆய்வாளர்களுக்கு ஒரே கணக்கு. அதன் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டிய தாளில். எதிர்முனைக் கணினியின் அடையாளம் மாறியிருக்கிறது என்று எஸ்எஸ்எச் எச்சரித்தால், படிக்காமலே அந்த எச்சரிக்கையை அகற்றிவிட்டு நுழைகின்றனர். பொதுக்கணக்கில் ஒரு கோப்பு அழிந்தால் அழித்தவர் யாரென்று அறிய வழியில்லை. பழி இளையவர் தலையில் விழுகிறது.

'வளாகத்துக்குள் யார் ஒட்டுக்கேட்பார்?' என்பது வழக்கமான மறுமொழி. விடுதிகளின் கைபேசிகள் முழுவதும் சேர்ந்திருக்கும் பிணையம், அறிந்தவர் மட்டும் புழங்கும் பழைய பிணையம் ஆகாது. 'பழைய ஆய்வுக்கருவிக்கு டெல்நெட் மட்டுமே தெரியும். புதியது வாங்கப் பணமில்லை' என்பது நியாயமான மறுமொழி. கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதைத் தனிப் பிணையத்தில் ஒதுக்கி, லினக்ஸ் நிறுவிய கணினி ஒன்றை வாயிலாக வைக்கலாம். ஆய்வாளர் வாயில்வரை எஸ்எஸ்எச் வழியே வருவார். அதற்கப்பால் வாயில் மட்டுமே பழைய கருவியோடு பேசும். துறையில் மூலையில் கிடக்கும் மேசைக்கணினியே இதற்குப் போதும்.

மொழியியலில் இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அன்று. களஆய்வில் ஒரு முதியவர் தம் குடும்பக் கதையை, ஊர்ப் பகையை, பெயர்களோடு ஒலிப்பதிவில் சொல்லியிருப்பார். பதிவு பத்திரமாக இருக்கும் என்ற உறுதியை நம்பித்தான் ஒப்புதல் தந்திருப்பார். அப்பதிவை மறையாக்கமற்ற எஃப்டிபி வழியே அனுப்புபவர், பொதுக்கணக்கில் போட்டுவைப்பவர், அந்த உறுதியை மீறுகிறார். மீறுவது அவருக்கே தெரியாதிருப்பது பயிற்சியின் குறை.

ஆய்வு அறமும் வெளியீட்டு அறமும் குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வகுத்தது. கருத்துத் திருட்டும் போலி இதழ்களும் அதில் பேசப்படுகின்றன. தொலைக்கணினிப் பயன்பாட்டுக்கும் ஒரு பிற்பகல் ஒதுக்கலாம்: ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு, சாவி வழி நுழைவு, அறுபடாத அமர்வு, ஓட்டிய நிரலின் பதிவேடு. தேசிய மீக்கணினித் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. அதன்வழி நிறுவப்பட்ட பரம் வரிசைக் கணினிகளில் வேலை செய்யவும் எஸ்எஸ்எச் வழியே நுழைந்து நிரலை வரிசையில் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பொறியியல் மாணவர் அதை நண்பர்களிடம் கற்றுக்கொள்கிறார். கலைத்துறை மாணவருக்கு அத்தகைய நண்பர் வாய்ப்பது தற்செயல். ஆய்வுப் பயிற்சியைத் தற்செயலிடம் ஒப்படைத்துவிட்டு, பாதியில் நின்ற நிரலுக்கு மாணவரைக் கடிந்துகொள்வது அறமாகாது.