பொருளைப் பார், பிறகு பணம் கொடு!

"தையல் எந்திரம் விற்பனைக்கு. நல்ல நிலையில் உள்ளது. விலை ரூ.4 ஆயிரம்."

போன ஆண்டு நான் செல்போனில் போட்ட விளம்பரம் இது. எந்திரம் என் தாயாருடையது. அம்மாவுக்கு மூட்டு வலி. மிதிக்க முடியவில்லை. எந்திரம் மூலையில் கிடந்தது. படம் பிடித்தேன். விளம்பரம் போட்டேன்.

10 நிமிடம் ஆகவில்லை. ஒருவர் கேட்டார்: "இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன். அவர் பிறகு பேசவே இல்லை.

அடுத்தவர் கேட்டார்: "கடைசி விலை என்ன?"

வணக்கம் இல்லை. பெயர் இல்லை. பொருளைப் பார்க்கவும் இல்லை. அதற்குள் கடைசி விலை! இப்படி 2 நாளில் 20 பேர் கேட்டார்கள். "எந்திரம் தைக்கிறதா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

துணியோடு வந்த பெண்

3-வது நாள் ஒரு பெண் போன் செய்தார். "சார், நேரில் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். கணவரோடு பஸ் ஏறி வந்தார்.

அவர் விலை பேசவில்லை. பையில் இருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். நூலைக் கோத்தார். உட்கார்ந்து ஒரு சாண் தைத்தார். துணியைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"சார், அடியில் நூல் சுருண்டு நிற்கிறது. டென்ஷன் ஸ்பிரிங் போய்விட்டது" என்றார்.

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது: "நான்தான் அன்றைக்கே சொன்னேனே. நீ அதை எழுதவில்லையா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. குறை எனக்குத் தெரியும். தெரிந்தும், "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிவிட்டேன். 500 ரூபாயைக் குறைத்துக் கொண்டேன். அந்தப் பெண் பணத்தை எண்ணிக் கொடுத்தார். எந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஏமாற்றுக்காரன் என்றால், எங்கோ தூரத்தில் இருப்பவன் என்று நாம் நினைக்கிறோம். அன்று அவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்!

மூர் மார்க்கெட்

முன்பு பழைய பொருள் வாங்குவது எப்படி இருந்தது?

சென்னை சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பழைய புத்தகம், இசைத்தட்டு, நாற்காலி என்று அங்கே கிடைக்காத பொருள் இல்லை. 1985-ம் ஆண்டு மே மாதம் அது தீயில் எரிந்துபோனது.

அங்கேயும் ஏமாற்று உண்டு. ஆனால் வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். விலை படியவில்லை என்றால், நாலு அடி நடந்து போனார். கடைக்காரர் திரும்பக் கூப்பிட்டார். மறுநாளும் அதே கடைக்காரர் அதே இடத்தில் இருந்தார். சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தார்!

ஊர்ப்புறத்திலும் சின்ன ஊர்களிலும் இருந்தது வேறு வழி. வீட்டுக்கு உதவாத பொருளை உறவினருக்குக் கொடுப்பார்கள். இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் போடுவார்கள். கடைக்காரர் தராசில் வைப்பார். தைக்கிற எந்திரமும், தைக்காத எந்திரமும் அவருக்கு ஒன்றுதான். அவர் பார்ப்பது எடையை!

வந்தது புதுச் சந்தை

பிறகு செல்போன் வந்தது. சந்தை கைக்குள் வந்துவிட்டது.

2006-ம் ஆண்டு ஓ.எல்.எக்ஸ். தொடங்கியது. 2008-ல் குவிக்கர் வந்தது. பேஸ்புக்கிலும் இப்போது பழைய பொருள் சந்தை இருக்கிறது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. என் தாயாரின் எந்திரம் இரும்பு விலைக்குப் போகவில்லை. அது தேவைப்பட்ட ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனது. கல்லூரியில் சேரும் பையனுக்குப் பழைய லேப்டாப் கிடைக்கிறது. புதுக் குடித்தனம் போடும் தம்பதிக்குப் பாதி விலையில் கட்டில் கிடைக்கிறது. "பழசை விற்கிறோமே, நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்ற கூச்சமும் குறைந்துவிட்டது.

ஆனால் ஒன்று போய்விட்டது. அது முகம்! வாங்குகிறவர் பார்ப்பது ஒரு படத்தை மட்டுமே. படம் நூலைக் கோத்துத் தைத்துக் காட்டாது. அந்தப் படம் அவருடைய பொருளின் படம்தானா என்பதும் தெரியாது.

முகம் மறைந்த இடத்தில் திருடன் நுழைந்துவிட்டான்.

பட்டாள வேஷம்

"நான் பட்டாளத்தில் இருக்கிறேன். மாறுதல் வந்துவிட்டது. ஸ்கூட்டரை அவசரமாக விற்கிறேன்" என்பான் ஒருவன். சீருடை போட்ட படம் அனுப்புவான். அடையாள அட்டையும் அனுப்புவான். விலையோ பாதிக்கும் கீழே!

"வண்டியைப் பார்சலில் அனுப்புகிறேன். வண்டிச் சத்தத்தை மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்பான். அனுப்பினால், இன்னொரு கட்டணம் கேட்பான். அதையும் அனுப்பினால், இன்னொன்று கேட்பான். கடைசிவரை ஸ்கூட்டர் வராது. அவன் பட்டாளத்துக்காரனும் அல்ல. அட்டை யாருடையதோ!

விற்பவருக்கு வேறு வலை விரிக்கிறார்கள்.

உங்கள் மேஜைக்கு நீங்கள் சொன்ன விலையை அப்படியே ஒப்புக்கொள்வான். பேரம் பேசமாட்டான். அதுவே முதல் எச்சரிக்கை! "பணம் அனுப்புகிறேன். இந்தக் கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்து, உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள். பணம் வந்துவிடும்" என்பான். நீங்கள் எண்ணைப் போட்டதும், உங்கள் கணக்கில் இருந்து பணம் போய்விடும்.

இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்:

பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் வேண்டியதே இல்லை.

பணம் பறிபோய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வழி உண்டு.

திருட்டுப் பொருளா?

பழைய செல்போன் வாங்குகிறீர்களா? அதில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் ஒன்று தெரியும். கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணையும் அடித்து, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அந்தப் போன் தடை செய்யப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

பழைய வண்டி விற்கிறீர்களா? பணத்தை வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடியாது. விற்றதை 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் வெளி மாநிலத்துக்காரர் என்றால் 45 நாள். பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்க்க வேண்டும்.

ஏன் தெரியுமா? ஒரு கார் பல கை மாறியது. பதிவில் மட்டும் பெயர் மாறவில்லை. கார் விபத்தில் சிக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே உரிமையாளர். இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. காரை எப்போதோ விற்றவர் தலையில் அந்தப் பாரம் விழுந்தது!

கம்பெனிக்கே விற்றால் என்ன?

"இவ்வளவு தொல்லை எதற்கு? வீடு தேடி வந்து வாங்கிக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கின்றனவே!" என்று சிலர் சொல்கிறார்கள்.

இருக்கின்றன. விலையைக் கணக்குப் போட்டு அவர்களே சொல்கிறார்கள். பேரம் இல்லை. அலைச்சல் இல்லை. குறைந்த விலைக்கு வாங்குவார்கள். பழுது பார்த்துக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். அது வியாபாரம். அதில் குற்றம் இல்லை.

ஆனால், அவர்கள் தேடி வருவது பெரும்பாலும் செல்போனையும் காரையும்தான். ஆட்டுக்கல் கிரைண்டரை வாங்க யார் வருவார்கள்? மர பீரோவை, மிதி தையல் எந்திரத்தை யார் தேடி வருவார்கள்? ஏழைக் குடும்பத்துக்கு உதவுகிற பொருள்கள் இவைதாம். இவை மனிதருக்கு மனிதர் கை மாறினால்தான் உண்டு.

"செல்போனில் வாங்கினால் ஏமாற்றுத்தான்" என்ற பயம் பரவிவிட்டால், இந்தச் சந்தை செத்துப்போகும். தையல் எந்திரம் மறுபடியும் இரும்புக் கடைத் தராசில் ஏறும். நட்டம் யாருக்கு? துணியோடு பஸ் ஏறி வந்தாரே, அந்தப் பெண்ணுக்குத்தான்!

இருவருக்கும் கடமை

ஆகையால், போய்விட்ட முகத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தேடுவது செல்போனில் இருக்கட்டும். வாங்குவது நேரில் இருக்கட்டும். பகலில் போங்கள். துணைக்கு ஓர் ஆளோடு போங்கள். பொருளை ஓட்டிப் பாருங்கள். பார்க்காத பொருளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

விற்பவருக்கும் கடமை உண்டு. குறையை எழுதிவிடுங்கள். அந்த எந்திரத்துக்குப் பிறகு நான் ஒரு மேஜையை விற்றேன். "ஒரு கால் ஆடும். ஆணி அடித்தால் நிற்கும்" என்று எழுதினேன். மறுநாளே ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். வரும்போதே சுத்தியலோடு வந்தார்!

இனி விளம்பரம் எழுதும்போது ஒன்று செய்யுங்கள். வாங்குகிறவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுவதை, செல்போனிலும் எழுதாதீர்கள்.