ஸ்கேன் பண்ணிட்டா முடிஞ்சுதா?

போன செமஸ்டர்ல நம்ம இதழ் டீம் ஒரு வேலையை எடுத்துக்கிட்டோம். காலேஜ் லைப்ரரி பின்பக்க பீரோவுல பழைய ஆண்டு மலர்கள் கிடக்கு. அதுல இருக்கிற தமிழ்ப் பகுதியை ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போடணும், அவ்வளவுதான் பிளான். நாலு பேர், ரெண்டு நாள், மொபைல்ல ஒரு ஸ்கேனர் ஆப், 11 மலர்கள். முடிச்சதும் வாட்ஸ்அப்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பி, டிரைவ்ல ஏத்தி, போன்ல இடம் இல்லன்னு ஒரிஜினல் படங்களை அழிச்சிட்டோம். செம பெருமை.

நூலகர் மேடம்கிட்ட போய்க் காட்டினோம். மூணே கேள்வி கேட்டாங்க.

"தம்பி, இதுல எது 1997, எது 2001?"

எல்லா ஃபைலுக்கும் வெறும் நம்பர்தான் பேர். எங்களுக்கே தெரியல.

"அட்டையும் விளம்பரப் பக்கமும் எங்கப்பா?"

தேவையில்லன்னு விட்டிருந்தோம். வருஷம், அச்சகம், ஆசிரியர் குழு எல்லாம் அந்தப் பக்கங்கள்லதான் இருந்திருக்கு.

"இந்த பைண்டிங் எப்படிப் பிஞ்சுது?"

பக்கம் தட்டையா விழணும்னு நான்தான் அமுக்கினேன். மேடம் திட்டவே இல்ல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அப்புறம் ஒரு சிடியை எடுத்துக் கொடுத்தாங்க. 2002 மலரோட ஃபைல்கள். திறந்தா தமிழே இல்ல, தலைக்கு மேல புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள். யூனிகோட் பரவலாகுறதுக்கு முன்னாடி தமிழுக்கு டிஸ்கி, டாப், டாம்னு பல குறியீட்டு முறைகள் இருந்துச்சு. எந்த முறைன்னு கண்டுபிடிச்சு, பைத்தான்ல மாத்தி அன்னைக்கு சாயங்காலமே கொடுத்தோம். பல வருஷமா திறக்காத ஃபைல் அது. அதைப் படிச்சுட்டு மேடம் சொன்னது இதுதான்: "இதெல்லாம் நானே கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசைப்பா. முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு வாரப் பயிற்சிக்குப் போகக் கேட்டேன். சொந்த லீவு, சொந்தப் பணம்னாங்க. கவுண்டர்ல யார் உக்காருவாங்கன்னும் கேட்டாங்க. விட்டுட்டேன்."

நமக்கு வேற ஊர் சிம்போசியத்துக்குப் போக ஓ.டி. கிடைக்குது. போய் பாதி நேரம் கேன்டீன்லதான் இருக்கோம். பழைய ஆவணங்களைக் காப்பாத்துறவங்களுக்கு ஒரு வாரம் படிக்க ஓ.டி. கிடைக்கல. இந்தக் கட்டுரையை எழுத வச்சது அந்த ஒரு விஷயம்தான்.

டிஜிட்டல் பாதுகாப்புன்னதும் பாஸ்வேர்டு, ஹேக்கிங்னு நினைச்சுக்காதீங்க. இன்னைக்கு உருவாக்குற ஃபைல் 30 வருஷம் கழிச்சும் திறக்கணும், அது என்னன்னு புரியணும், நடுவுல யாரும் மாத்தலன்னு நிரூபிக்க முடியணும். ஸ்கேன் பண்றது அதுக்கு முதல் படி மட்டும்தான்.

இதுக்கு ஒரு உதாரணம் இங்கிலாந்துல இருக்கு. 1086-ல அந்த நாட்டு மன்னர் எடுத்த நிலக் கணக்குக்கு டோம்ஸ்டே புக்னு பேர். அதோட 900-வது ஆண்டுக்காக 1986-ல பிபிசி புதுசா ஒரு டோம்ஸ்டே பண்ணுச்சு. பள்ளிப் பிள்ளைங்க உட்பட சுமார் 10 லட்சம் பேர் தங்களோட ஊரைப் பத்தி எழுதினதும் எடுத்த படங்களும் லேசர் டிஸ்க்ல ஏறுச்சு. பதினஞ்சு, பதினாறு வருஷத்துலயே அதைப் படிக்கிற மெஷின் கிடைக்கிறது அரிதாயிடுச்சு. ஆராய்ச்சியாளர்கள் தனியா உழைச்சுத்தான் மீட்க வேண்டியிருந்துச்சு. 1086-ல தோல்ல எழுதினது இன்னும் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, அதைப் படிக்க எந்த மெஷினும் வேண்டாம்.

நம்ம பக்கமும் பாருங்க. ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களை வச்சு 1994-ல சென்னைல ஆரம்பிச்ச நூலகம், முதல்ல மைக்ரோபிலிம் எடுத்துச்சு. அப்புறம் டிஜிட்டலுக்கு மாறுச்சு. அந்தக் காலத்துல இந்தத் துறைக்கு வந்த ஒருத்தர் பிலிம் கேமராவைக் கத்துக்கிட்டு, அப்புறம் ஸ்கேனர், யூனிகோட், எழுத்துணரின்னு ஒவ்வொண்ணா கத்துக்க வேண்டியிருந்திருக்கும். ஒரே வேலைக்குள்ள தொழிலே ரெண்டு தடவை மாறியிருக்கு. காலேஜ்ல வாங்கின ஒரு டிகிரியை வச்சு ஓட்டுற வேலை இல்ல இது. அதனாலதான் வேலைல இருக்கிறப்பவே கிடைக்கிற பயிற்சி இவ்வளவு முக்கியம்.

கத்துக்க அப்படி என்ன இருக்குன்னு கேக்கலாம். ஒரு ஏ4 பக்கத்தை 400 டிபிஐ-ல கலரா, சுருக்காம டிஃப் ஃபைலா எடுத்தா சுமார் 46 எம்பி. 200 பக்கப் புத்தகம் 9 ஜிபியைத் தாண்டும். எதை மூலப் பிரதியா வைக்கணும், எதைச் சுருக்கி வாசகருக்குக் கொடுக்கணும்னு முடிவெடுக்கத் தெரியணும். ஃபைல்ல ஒரே ஒரு பிட் மாறினாலும் காட்டிக் கொடுக்கிற செக்சம் எடுத்து வச்சு, அப்பப்ப சரிபார்க்கத் தெரியணும். பிரதிகளை வேற வேற ஊர்ல வைக்கணும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல எரிக்கப்பட்டப்ப சுமார் 97,000 நூல்கள் போச்சு. அதுல வேற எங்கயும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்துச்சு. இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

பயிற்சியே இல்லன்னு சொல்ல மாட்டேன். டெல்லில தேசிய ஆவணக் காப்பகத்தோட பள்ளி ஒரு வருஷ டிப்ளமோவும் குறுகிய காலப் படிப்புகளும் நடத்துது. பிரிட்டன்ல இருக்கிற டிஜிட்டல் பிரிசர்வேஷன் கோஅலிஷன் அமைப்பு ஆரம்ப நிலைக்காரங்களுக்கு இலவச ஆன்லைன் பாடம் வச்சிருக்கு. பிரிட்டிஷ் லைப்ரரி 2004-ல இருந்து நடத்துற அழியும் ஆவணங்கள் திட்டத்துல, மூல ஆவணம் நாட்டை விட்டு வெளிய போகாது, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சியும் கிடைக்கும். ஆனா ஒரு சின்ன ஊர் நூலகத்துல தனி ஆளா இருக்கிறவருக்கு டெல்லி தூரம். இங்கிலீஷ் பாடம் அதைவிட தூரம். நான் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன், எனக்கே அந்தக் கலைச்சொற்கள் ரெண்டு தடவை படிச்சாதான் புரியுது.

"இதுக்கெல்லாம் ஏன் பயிற்சி? ஒரு கம்பெனிக்கு காண்டிராக்ட் விட்டா முடிஞ்சுது, மீதியை ஏஐ பார்த்துக்கும்"னு எங்க ஹாஸ்டல் ரூம்லயே ஒருத்தன் சொன்னான். காண்டிராக்ட் விடலாம், தப்பே இல்ல. ஆனா பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்குறவங்க பக்கத்தைத்தான் எண்ணுவாங்க. விட்டுப்போன அட்டையை யார் கண்டுபிடிப்பா? ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துட்டு அவங்க போன பிறகு, அது அஞ்சு வருஷம் கழிச்சு ஓடுதான்னு யார் பார்ப்பா? ஏஐ எழுத்தைப் படிச்சுக் கொடுக்கும், சரி. தப்பாப் படிச்சா அது தப்புன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் உள்ள இருக்கணும்.

"அப்போ இன்ஜினியர்களையே வேலைக்கு வச்சுக்கலாமே"ன்னும் கேக்கலாம். நாங்க நாலு பேரும் இன்ஜினியர்கள்தான். பைண்டிங் பிஞ்சது ஞாபகம் இருக்குல்ல?

அதனால நான் கேக்கிறது இவ்வளவுதான். மே, ஜூன்ல நம்ம கம்ப்யூட்டர் லேப் எல்லாம் பூட்டித்தான் கிடக்கு. அதுல அஞ்சு நாள் பயிற்சி நடத்தலாம், தமிழ்ல. சுத்துவட்டார நூலகம், மடம், பள்ளிக்கூடம், கோயில் அலுவலகம்னு எங்கெல்லாம் பழைய பேப்பரைக் காப்பாத்துற ஒருத்தர் இருக்காரோ, அவரைக் கூப்பிடலாம். நாலு நாள் நாம சொல்லிக் கொடுப்போம்: ஃபைலுக்குப் பேர் வைக்கிறது, செக்சம், பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாத்துறது, இலவச மென்பொருள்கள். அஞ்சாவது நாள் அவங்க நமக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்: நொறுங்குற தாளை எப்படித் தொடணும், பக்கம் வரிசை ஏன் முக்கியம், ஒரு ஆவணத்தைப் பத்தி என்னென்ன குறிச்சு வைக்கணும். வர்றவங்களுக்கு சம்பளத்தோட ஓ.டி. கொடுக்கச் சொல்லி, காலேஜ் லெட்டர்ஹெட்ல அவங்க நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போகணும். அந்தக் கடிதம் இல்லன்னா மத்ததெல்லாம் வீண், ஏன்னா மேடம் போக முடியாம நின்ன இடம் அதுதான். கூட வேலை செய்யிற மாணவர்களுக்கு இதை இன்டர்ன்ஷிப் கணக்குல சேர்த்தா, ஆள் பஞ்சமும் வராது.

இப்போ மேடமும் நாங்களும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கோம். அட்டையில இருந்து அட்டை வரைக்கும் எடுக்கிறோம். புத்தகத்தை அமுக்காம, ரெண்டு பக்கமும் தாங்கல் கொடுத்து பாதி திறந்த நிலைல வைக்க அவங்கதான் கத்துக் கொடுத்தாங்க. செக்சம் எடுக்க நான் கத்துக் கொடுத்தேன், இப்போ அவங்களே எடுக்கிறாங்க. 11-ல 4 மலர் முடிஞ்சிருக்கு. அந்தப் பிஞ்ச மலரை மட்டும் துணி நாடா போட்டுக் கட்டி, தனியா ஒரு பெட்டில வச்சிருக்காங்க.

மே மாசம் நான் காலேஜை விட்டுப் போயிடுவேன். மீதி 7 மலர் பீரோவுலதான் இருக்கும், மேடமும் அங்கதான் இருப்பாங்க. தேர்ட் இயர் மக்களே, யாராவது ஒருத்தர் போய் பேர் கொடுங்க. போறப்ப கையைக் கழுவிட்டுப் போங்க, அவங்க முதல்ல பார்க்கிறது அதைத்தான்.